வேண்டாம் என்று எழுதிய கூரை

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு 'மிச்சம்' என்று பெயர். முதலாளி வைத்தது. எந்தக் கட்டடத்தின் வரைபடத்தை அவள் மேஜையில் போட்டாலும் சாயங்காலத்துக்குள் எதையாவது மிச்சம் பிடித்துக் காட்டிவிடுவாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர், அதுதான் அவள் சொந்தப் பெயர் என்று நினைத்து ஒரு வாரம் 'மிச்சம் மேடம்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் திருத்தவில்லை. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது என்றுதான் சொல்வேன்.

நான் வரைபடம் போடுகிறவன். பன்னிரண்டு வருஷம் அவளுக்குப் பக்கத்து மேஜை. என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். என்னை அண்ணா என்பாள். நான் கோடு போடுவேன், அவள் அந்தக் கோட்டுக்கு என்ன செலவாகும் என்று எஸ்டிமேட் போடுவாள். நடுவில் ஒரு தடுப்புப் பலகை. அதன் மேலே அவள் தலை எழும்பினால் நான் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன். "அண்ணா, இந்தச் சுவர் எதுக்கு நிக்குது?" என்று கேட்பாள். பல தடவை எனக்கே தெரியாது.

அவள் அப்பா தையல்காரர். இரண்டேகால் மீட்டர் கேட்கும் சட்டையை இரண்டு மீட்டரில் வெட்டிவிடுவாராம். ஆனால் போட்டுக்கொண்டவர் கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அது மிச்சம் இல்லை, திருட்டு என்று அவர் சொன்னதாக அவள் ஒருமுறை சொன்னாள்.

அவள் செய்த வேலை என்ன என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். பெரிய கட்டட ஒப்பந்தங்களில் வேல்யூ இன்ஜினியரிங் என்று ஒரு பிரிவு இருக்கும். எங்கள் வாயில் அது 'பாதிப்பாதி'. கட்டிக்கொடுக்கிற நிறுவனம், 'வரைபடத்தில் உள்ள இந்த வேலையை இப்படி மாற்றினால் செலவு குறையும், பயன் குறையாது' என்று எழுதிக் கொடுக்கலாம். கட்டடத்தின் சொந்தக்காரர் ஒப்புக்கொண்டால், குறைந்ததில் பாதி அவருக்கு, பாதி நிறுவனத்துக்கு. ஒப்புக்கொள்ளாவிட்டால் முதலில் போட்ட வரைபடப்படியே கட்ட வேண்டியதுதான். நல்ல ஏற்பாடுதான். யோசிக்கிறவனுக்கும் லாபம், கட்டச் சொன்னவனுக்கும் லாபம். 'பயன் குறையாது' என்ற அந்த இரண்டு சொல் உண்மையாக இருக்கும் வரை.

அவள் கையில் அது நெடுநாள் உண்மையாகத்தான் இருந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் நாலு மூலையிலும் சிதறிக் கிடந்த கழிப்பறைகளை ஒரே சுவரின் இரண்டு பக்கத்துக்குக் கொண்டுவந்து, குழாயில் பாதியை எடுத்துவிட்டாள். அதை எழுதுவதற்கு முன்னால் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நாள் முழுக்க நர்ஸ்களின் பின்னால் நடந்தாள். கால் வீங்கித் திரும்பி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. எதைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்பாள். இது என்ன வேலை செய்யுது? அந்த வேலைய வேற எது செய்யும்? அதுக்கு எவ்வளவு ஆகும்? அவள் புருஷன் அச்சகத்தில் வேலை பார்ப்பவர், தமாஷான மனுஷர். ஒரு நாள் அவளைக் கூட்டிப்போக வந்தவர் என்னிடம் சொன்னார்: "அந்த மூணு கேள்வியையும் எப்ப என்னையப் பாத்துக் கேக்கப் போறாளோன்னு பயந்துகிட்டே இருக்கேங்க."

வருஷம் ஏற ஏற, போய்ப் பார்ப்பது குறைந்தது. வேலை கூடியது ஒரு காரணம். மாதம் இத்தனை யோசனை வர வேண்டும் என்று முதலாளி நிர்ணயித்தது இன்னொரு காரணம். "வரைபடத்துலயே எல்லாம் தெரியுதுண்ணா, எதுக்கு வெயில்ல அலையணும்" என்பாள். எனக்கு அது சரி என்றே பட்டது. வரைபடத்தில் எல்லாம் இருக்கிறது என்று சொன்னால் எந்த வரைபடக்காரனுக்குத்தான் கசக்கும்?

அப்படிப்பட்ட ஒரு காலத்தில்தான் அந்தப் பள்ளிக்கூடம் வந்தது. காது கேளாத பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை கட்டிய பள்ளி. இரண்டு மாடி, பதினொரு வகுப்பறை. எல்லா வகுப்பறையிலும் கூரைக்கு அடியில் ஒலி உறிஞ்சும் பலகைகள் தொங்கவிட வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. ஊசித் துளைகள் போட்ட, கையால் அமுக்கினால் லேசாக அமுங்குகிற வெள்ளைப் பலகைகள். பின்சுவரிலும் அதே மாதிரி. விலை அதிகம்.

தடுப்புப் பலகைக்கு மேலே அவள் தலை எழும்பியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணா, இதப் பாத்தீங்களா? காது கேக்காத பிள்ளைங்களுக்குச் சத்தத்த அடக்குறதுக்குக் கூரையாம்."

நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். "அடுத்து கண்ணு தெரியாதவங்களுக்கு ஜன்னல் திரை போடுவாங்க" என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன்.

அன்று மத்தியானமே படிவத்தை எழுதி முடித்துவிட்டாள். 'இப்போது உள்ளது' என்ற கட்டத்தில் பலகைக் கூரை. 'மாற்று' என்ற கட்டத்தில் சாதாரண சிமெண்டுப் பூச்சு, வெள்ளை பெயிண்ட். 'பயனில் மாற்றம்' என்ற கட்டத்தில் அவள் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம்: 'பயன்படுத்துவோர் காது கேளாதவர்கள் ஆதலால், ஒலி உறிஞ்சும் கூரையால் அவர்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. பயன் குறைவு: இல்லை.'

தடுத்துக் கேட்க வேண்டியவர்கள் கேட்கும் இடத்தில் இல்லை. வரைபடம் வகுத்த கட்டடக்கலைஞரின் வேலை வரைபடத்தோடு முடிந்திருந்தது. மேற்பார்வைக்கு அறக்கட்டளை வைத்திருந்த பொறியாளர் வாழ்நாள் முழுக்கச் சாலை போட்டவர். கூரை என்று ஒன்று இருப்பதே அவருக்குப் புதுசு. முடிவு சொல்லும் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் மட்டும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான ஆள்.

"இத வாத்தியாருங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?" என்றார்.

இதற்கு அவள் சொன்ன பதிலை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "தாராளமா கேக்கலாம் சார். ஆனா பிரிவுல முப்பது நாள் கெடு இருக்கு. நாங்க குடுத்து இருபத்தாறு நாள் ஆச்சு. பதில் வரலன்னா இது தானா தள்ளுபடி ஆயிடும். உங்களுக்கு வர வேண்டிய பாதியும் போயிடும்."

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பிள்ளைகள் அதுவரை படித்துவந்த பழைய பள்ளிக்கூடம் அந்தக் கூட்ட அறையிலிருந்து பத்து நிமிஷ நடை. நாலு நாள் பாக்கி இருந்தது.

தங்கள் பாதியில் அறக்கட்டளை முன்பக்கம் நல்ல வாசல் கதவும் சுற்றுச்சுவரும் போட்டது. எங்கள் பாதி நிறுவனத்துக்கு. அந்த வருஷத்தின் சிறந்த யோசனை என்று அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினோம். அவள் மகள், அப்போது கல்லூரி முதல் வருஷம், அதை ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டினாளாம்.

கட்டடத்தை ஒப்படைத்துப் பதினொரு மாதம் ஓடியது. ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு வருஷம் உத்தரவாதக் காலம். அதற்குள் ஏதாவது ஒழுகினால், விரிசல் விட்டால், நாங்கள் போய்ச் சரிசெய்து கொடுக்க வேண்டும். மொட்டை மாடியில் கசிவு, இரண்டு கதவு இறுகிவிட்டது என்று பள்ளியிலிருந்து பட்டியல் வந்தது. வழக்கமாகப் போகும் மேற்பார்வையாளருக்கு உடம்பு சரியில்லை. "நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்துடுங்க" என்றார் முதலாளி. அந்தக் கட்டடத்துக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கும்தான்.

தலைமையாசிரியை ஒல்லியான மனுஷி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது முகத்தை முழுசாக நம் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் வடித்துப் பேசுவார். உதட்டைப் படிக்கிற பிள்ளைகளோடு பழகிய பழக்கம். கசிவைப் பார்த்தோம், கதவைப் பார்த்தோம். கீழே இறங்கி வரும்போது ஒரு வகுப்பறை வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

நாற்காலிக் கால்களில் எல்லாம் பழைய டென்னிஸ் பந்துகளைக் கீறிச் செருகியிருந்தார்கள். பின்சுவர் முழுக்க முட்டை அட்டைகள் ஒட்டியிருந்தன. பக்கச் சுவரில் ஆணியடித்து, சாயம் போன கம்பளிப் போர்வைகள் தொங்கின. புத்தம்புதுக் கட்டடம், உள்ளே குடிமாறிப் போகிறவர்களின் வீடு மாதிரி இருந்தது.

"இதெல்லாம் எதுக்குங்க மேடம்?" என்று கேட்டாள்.

"சத்தம் அடங்கறதுக்குத்தான். பெத்தவங்க வந்து ஒட்டினாங்க. முட்டை அட்டையால பெருசா ஒண்ணும் ஆகல. போர்வை கொஞ்சம் பரவாயில்ல."

"இங்க... சத்தம்..." என்று அவள் இழுத்தாள்.

"காது கேக்காதவங்களுக்கு சத்தம் என்ன பண்ணும்னு கேக்கறீங்க. எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க." அவர் குரலில் கோபம் இல்லை, நூறு தடவை சொன்னதைச் சொல்கிற அலுப்பு இருந்தது. "எங்க பிள்ளைங்கள்ல முக்காவாசிப் பேருக்குக் கொஞ்சம் கேக்கும்மா. மெஷின் மாட்டினா இன்னும் கொஞ்சம் கேக்கும். நம்ம காது வேண்டாத சத்தத்தத் தள்ளிட்டு வேணுங்கறத எடுத்துக்கும். மெஷினுக்கு அந்த விவரம் கிடையாது. டீச்சர் பேசறது, நாற்காலி இழுக்கறது, எதிரொலி, எல்லாத்தையும் ஒண்ணா சேத்துப் பெருசாக்கிக் காதுக்குள்ள கொட்டும். இதக் கேளுங்க."

காலி வகுப்பறைக்குள் போய் ஒரே ஒரு தடவை கை தட்டினார். அந்தத் தட்டல் கூரைக்குப் போய், சுவருக்குப் போய், அடங்க மனமில்லாமல் எங்கள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. பலகை இருந்திருந்தால் கை எடுப்பதற்குள் அது செத்துப்போயிருக்கும். அது எங்கள் தொழில், சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்து அறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மேஜை மேலும் மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பா. பாதிக்கு மேல் டப்பாக்களில் காதுக்கருவிகள் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

"மூணாவது பீரியடு வந்தா கழட்டிடுவாங்க, தலை வலிக்குதுன்னு. பழைய இடத்துல கழட்டினதே இல்ல. அது ஓட்டை உடைசல்தான், ஆனா மரக்கூரை, தரையெல்லாம் ஜமுக்காளம். அங்க வாயத் திறந்து பேச ஆரம்பிச்ச பிள்ளைங்க ரெண்டு மூணு பேரு இங்க வந்தப்புறம் வாயத் திறக்கறதில்ல."

அதோடு கிளம்பியிருந்தால் தப்பித்திருப்போம். தலைமையாசிரியை எங்களை அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, ஒரு ஃபைலைத் திறந்தார்.

"வரைபடத்துல கூரை இருந்ததே, ஏன் போடலன்னு அறக்கட்டளைக்கு ஆறு லெட்டர் போட்டேன். கடைசியா இதோட நகல் அனுப்பினாங்க. உங்க கம்பெனி எழுதினதுதான்." மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "'பயன்படுத்துவோர் காது கேளாதவர்கள் ஆதலால், ஒலி உறிஞ்சும் கூரையால் அவர்களுக்கு ஆவது ஒன்றுமில்லை.'"

ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் வடித்து வாசித்தார். பிறகு முகத்தை முழுசாக அவள் பக்கம் திருப்பினார்.

"இத யாரு எழுதினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஆபீஸ்ல... யாராவது எழுதியிருப்பாங்க மேடம்" என்றாள் அவள். "விசாரிச்சுச் சொல்றேன்."

நான் தேநீர்க் கோப்பையில் ஆடை படிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது வண்டியில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அண்ணா, நீங்களும் சிரிச்சீங்கல்ல?"

"சிரிச்சேன்" என்றேன்.

"ம்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் விடுப்பு. நாலாவது நாள் வந்தவளைப் பார்த்தால் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போல இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுல அவர்கிட்ட சொன்னேன். வேலைன்னா தப்பு வரத்தான் செய்யும், யாரும் செத்துப் போயிடலையேன்னு சொல்றார். அவர் ஆறுதல் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கூசுதுண்ணா. பொண்ணுகிட்ட சொல்ல வாய் வரல. அத ஃபிரேம் போட்டு மாட்டினவளே அவதான்." டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "எழுதினதுகூட அறியாமன்னு சொல்லிக்கலாம். அந்தச் செயலாளர் கேக்கலாமான்னு கேட்டாரு பாருங்க. அவர நான்தானே அவசரப்படுத்தினேன். யாரோ எழுதியிருப்பாங்கன்னு வேற சொல்லிட்டு வந்தேன். முகத்தப் பாத்து."

"சாப்பிடும்மா" என்றேன்.

அன்று அவள் பள்ளி ஒப்பந்தத்தை எடுத்துவைத்துக்கொண்டு படித்தாள். பாதிப்பாதிப் பிரிவைப் பத்து வருஷமாக அவள் பயன்படுத்திவருகிறாள். ஆனால் எழுதிக்கொடுப்பதற்கு வேண்டிய பத்திகளைத் தாண்டி வாசித்ததில்லை. கடைசியில் ஒரு சின்னப் பத்தி இருந்தது. மாற்றியதால் பயன் குறையவில்லை என்பதற்கு நிறுவனமே பொறுப்பு. குறைந்திருக்கிறது என்று உத்தரவாதக் காலத்துக்குள் சொந்தக்காரர் எழுத்தில் தெரிவித்தால், நிறுவனம் தன் செலவில் முதலில் இருந்ததுபோல் செய்து தர வேண்டும். தலைமையாசிரியை எழுதிய ஆறு கடிதமும் அறக்கட்டளைக்கு. அறக்கட்டளையிலிருந்து எங்களுக்கு ஒரு வரியும் வரவில்லை. அந்தப் பத்தி அங்கே இருப்பது யாருக்கும் தெரியவில்லை. உத்தரவாதக் காலம் முடிய இன்னும் பத்தொன்பது நாள்.

முதலாளியிடம் போனாள். கதவு திறந்துதான் இருந்தது, எனக்குக் கேட்டது.

"அவங்க படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டாங்க?" என்றார் முதலாளி. அவர் கெட்டவர் இல்லை. நாற்பது குடும்பம் அவரை நம்பி இருந்தது. "நீ எழுதினது தப்புன்னா, அதுல பாதித் தப்பு அவங்களோடது."

"அவங்க கேக்கறேன்னாங்க சார். நான்தான் கேக்க விடல."

"பத்தொன்பது நாளு. பேசாம இரு. அப்புறம் அவங்க நன்கொடை வாங்கிப் போட்டுக்குவாங்க, நாமளும் கொஞ்சம் குடுப்போம். கௌரவமா முடிஞ்சிடும்."

"கௌரவமா எனக்கு முடியாது சார்" என்றாள். "நான் போய்ச் சொல்லப்போறேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. கடைசியில், "சொல்றதச் சொல்லிட்டேன். அதுக்கு மேல உன் இஷ்டம். இதோட பலன் உனக்கும் இருக்கும்" என்றார்.

"அண்ணா, கூட வர்றீங்களா?" என்று என் மேஜையருகே வந்து கேட்டாள். எனக்குப் போக விருப்பமில்லை. அவள் கேட்ட விதத்தில் மறுக்கவும் வாய் வரவில்லை. போனேன்.

தலைமையாசிரியை எங்களைப் பார்த்ததும் கதவு சரிசெய்ய வந்திருக்கிறோம் என்று நினைத்தார். அவள் உட்காரவில்லை.

"மேடம், அத எழுதினது நான்தான்."

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு நான் வாசிச்சப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"யாராவது எழுதியிருப்பாங்கன்னு சொன்னீங்க."

"ஆமா. மன்னிச்சிடுங்கன்னு கேக்கறதுக்கு..."

"அத அப்புறம் பாத்துக்கலாம்" என்று குறுக்கே சொன்னார் அவர். "இப்ப எதுக்கு வந்தீங்க?"

அவள் ஒப்பந்தத்தின் நகலை மேஜையில் வைத்து அந்தச் சின்னப் பத்தியைக் காட்டினாள். யார் கையெழுத்துப் போட வேண்டும், யாருக்கு அனுப்ப வேண்டும், எந்தத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், கடிதத்தில் எந்தெந்தச் சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தலைமையாசிரியை எழுதிக்கொண்டார். அவளும் தன் பங்குக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்: இந்த மாற்றத்தைப் பரிந்துரைத்தவள் நான், பள்ளியில் யாரையும் கேட்காமல் எழுதினேன், பயன் குறைந்திருப்பதை நேரில் பார்த்தேன். கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

முடிந்துவிட்டது என்று நான் எழுந்தேன். தலைமையாசிரியை எழவில்லை.

"பெரிய வகுப்புப் பிள்ளைங்க என்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்காங்க, யாரு இத இப்படிச் செஞ்சாங்கன்னு. எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கேன். நீங்களே சொல்லிட்டுப் போங்க" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மாடியில் கடைசி அறை. பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். உள்ளே போனதும் தலைமையாசிரியை சைகையில் ஏதோ சொல்ல, எல்லாரும் டப்பாவைத் திறந்து கருவிகளை மாட்டிக்கொண்டார்கள். அவளுக்காக மாட்டிக்கொண்டார்கள். நான் வாசலிலேயே நின்றேன்.

"இந்தக் கூரைய வேண்டாம்னு எழுதினது நான்தான்" என்றாள்.

அவள் குரல் மேலே போய் முட்டித் திரும்பி, அடுத்த சொல்லின் மேல் விழுந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பையன் காதில் கைவைத்துத் தலையை ஆட்டினான். புரியவில்லை.

"இந்தக் கூரைய, வேண்டாம்னு, எழுதினது, நான்தான்." சத்தமாகச் சொன்னாள். சத்தம் கூடக் கூட அறையின் இரைச்சலும் கூடியது. இரண்டு பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்தினார்கள்.

"மெதுவா, அவங்களப் பாத்துச் சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை. "நீங்க தலையக் குனிஞ்சுக்கறீங்க. உதடு தெரியல."

மூன்றாவது தடவை நிமிர்ந்து சொன்னாள். தாடை நடுங்கிக்கொண்டிருந்தது, நடுங்குகிற உதட்டை யாரால் படிக்க முடியும்? கடைசியில் அவளே போய்ச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினாள். பெரிய எழுத்தில், எஸ்டிமேட் எழுதுகிற அதே வட்டமான கையெழுத்தில்.

எல்லாரும் படித்தார்கள். பிறகு ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்தாள். இரட்டைப் பின்னல், இரண்டு காதிலும் கருவி. சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"ஏன்?"

அவள் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்குக் கேக்காதுன்னு நினைச்சேன்" என்று மெல்லச் சொன்னாள். அந்தப் பெண் உதட்டைப் பார்த்துப் படித்துவிட்டாள்.

"கேக்கும்" என்றாள். உட்கார்ந்துகொண்டாள்.

கண்ணு தெரியாதவர்களுக்கு ஜன்னல் திரை என்று சொன்னவனும் அந்த அறையின் வாசலில்தான் நின்றிருந்தான். அவன் உள்ளே போகவில்லை. கரும்பலகையில் இன்னொரு வரிக்கு இடமும் இருந்தது. இதை இத்தனை வருஷம் கழித்துச் சொல்வதால் ஒன்றும் ஆகிவிடாது என்று தெரியும். சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது என்பதால் சொல்கிறேன்.

அறக்கட்டளையின் கடிதம் கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னால் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. முதலாளி வக்கீலைக் கேட்டார், இழுத்துப் பார்த்தார், அவள் எழுதிக் கொடுத்த காகிதம் இருந்ததால் அதற்கு மேல் இழுக்க முடியவில்லை. குறைந்ததில் பாதியை அறக்கட்டளையும் வாங்கியிருந்ததால், பேசிப் பேசிக் கடைசியில் ஏழு அறைக்கு நாங்கள் போட்டுத் தருவது, மிச்சம் நாலு அறையை அறக்கட்டளை பார்த்துக்கொள்வது என்று முடிந்தது. எந்த ஏழு என்று தலைமையாசிரியை தீர்மானித்தார். சின்னப் பிள்ளைகளின் அறைகள் முதலில். பேச இப்போதுதான் கற்றுக்கொள்கிறார்கள், அவர்களுக்குத்தான் அவசரம் என்றார். மாடியில் அந்தக் கடைசி அறை ஏழில் வரவில்லை. அறக்கட்டளையின் முறை வருவதற்குள் அந்தப் பன்னிரண்டு பேரும் முட்டை அட்டைச் சுவரோடேயே படித்து முடித்துப் போனார்கள்.

அவளை எஸ்டிமேட்டிலிருந்து எடுத்து, சாமான் வந்து இறங்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை, பேச்சு குறைந்தது. மிச்சம் என்று கூப்பிடுவதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். யாரும் சொல்லி நிறுத்தவில்லை. ஒரு வருஷம் கழித்து, பாதிப்பாதிப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் வந்தது: 'பயன்படுத்துவோரில் யாரைக் கேட்டீர்கள்? எந்தத் தேதியில்?' அவள் மூன்று தடவை எழுதிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டது. முதலாளி ஒரு கூட்டத்தில் அதை நிறுவனத்தின் புதிய நடைமுறை என்று அறிவித்தார். அவள் கிடங்கில் இருந்தாள், கூட்டத்துக்கு அழைக்கவில்லை.

மகளிடம் எப்போது சொன்னாள் என்று தெரியாது. சொல்லியிருக்கிறாள். அவள் வீட்டுக்கு ஒரு தடவை போனபோது கூடத்தில் அந்தச் சான்றிதழ் இல்லை. "நான்தான் கழட்டினேன் மாமா" என்றாள் மகள், நான் கேட்காமலே. அடுத்த அறையில் இருந்த அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

ஏழு அறையும் முடிந்து, பள்ளியில் சின்னதாக ஒரு நிகழ்ச்சி வைத்து, தலைமையாசிரியை அவளுக்கும் அழைப்பு அனுப்பினார். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் அதில் இல்லை. 'வந்து கேட்டுப் பாருங்கள்' என்று மட்டும் கையால் எழுதியிருந்தார். அவள் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அங்க போனா யாராவது நன்றின்னு சொல்லிடுவாங்கண்ணா" என்றாள்.

போன மாதம் நானும் அவளும் ஒரே பேருந்தில் வந்தோம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. எதேச்சையாகப் பார்த்து, அவள் பக்கத்திலேயே இடம் கிடைத்து உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு நிறுத்தத்தில் அந்தப் பள்ளியின் சீருடையில் ஒரு சின்னப் பெண் அம்மாவோடு ஏறினாள். ஆறு வயது இருக்கும். அந்தக் குழந்தையை இவளுக்குத் தெரியாது, குழந்தைக்கும் இவளைத் தெரியாது. குழந்தை எங்களுக்கு முன்னிருக்கையில் மண்டியிட்டுப் பின்பக்கம் திரும்பி, அன்று வகுப்பில் படித்த ஏதோ ஒரு பாட்டை இவளிடம் சொல்ல ஆரம்பித்தது. அரைகுறை உச்சரிப்பு. ஒரு வரி முடிந்ததும் இவள் முகத்தைப் பார்த்தது. இவள் தலையாட்டியதும் அடுத்த வரி. அந்த அம்மா, "யாரப் பாத்தாலும் பேசிட்டே இருப்பா" என்று பெருமையாகச் சொன்னாள்.

இவள் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "வர்றேண்ணா" என்று சொல்லி, தன் வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டாள். பேருந்து கிளம்பியபோது பார்த்தேன். நல்ல வெயில். தலையைக் குனிந்துகொண்டு, கடைகளின் ஓரமாக வேகவேகமாக நடந்துகொண்டிருந்தாள்.